மலையை நகர்த்தாதீர்கள்

பாலக்காடு மாவட்டத்துக் கொல்லங்கோட்டில் வயல்வரப்பில் நின்று தெற்கே பார்த்தால் நெல்லியாம்பதி மலைச்சுவர். காலையில் தமிழகப் பக்கமிருந்து எழும் சூரியன் அதைப் பக்கவாட்டில் தொடும்போது, பாறையின் மடிப்பு ஒவ்வொன்றும் நிழலோடு தெரிகிறது. உச்சிவேளையில் அதே மலை சாம்பல் பூசிய சுவர். விலையுயர்ந்த லென்ஸ் வாங்கிப் பயனில்லை. விடியுமுன் எழுந்திருப்பதுதான் வழி.

அடுத்தது கோணம். நின்றபடி எடுத்தால் வயல் வெறும் பச்சைப் பரப்பு. வரப்பில் குந்தி எடுத்தால் நெற்கதிர் முன்னால் வருகிறது, பனைமரம் வானத்தில் ஏறுகிறது, மலை எவ்வளவு தூரம் என்பது புரிகிறது.

பிறகுதான் எடிட்டிங். சிக்கலும் அங்கேதான். இடுக்கி மாவட்டத்தின் இரவிகுளத்தில் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, பெயரில்தான் நீலம்; பூ மெல்லிய ஊதா. 2018இல் பூத்தபோது எடுத்த படத்தில் இன்று கம்ப்யூட்டரில் நிறத்தைக் கூட்டினால் மலையே நீலமாகிவிடும். அதை நம்பி மலையேறுபவருக்கு நிஜப் பூ ஏமாற்றமாகத் தெரியும்.

பெரிய பத்திரிகைகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 1982இல் எகிப்தியப் பிரமிடுகளை அட்டைக்குள் அடக்க, படத்தில் அவற்றை நெருக்கி வைத்தது ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’. கண்டனம் கிளம்பியது.

இருட்டைச் சற்று விலக்கலாம், வேண்டாத ஓரத்தை வெட்டலாம். படம் பார்த்தவர் அங்கே போனால் அதே மலையைக் காண வேண்டும், அவ்வளவுதான்.

இரவிகுளத்தில் அடுத்த பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. அதுவரை பழகிக்கொள்ளக் கொல்லங்கோட்டில் தினமும் விடிகிறது.