உரிப்பதற்குப் பெயர் பழுது பார்ப்பதா?

தமிழில் 'பழுது பார்ப்பது' என்று ஓர் அருமையான தொடர் இருக்கிறது. பழுதை முதலில் பார்க்க வேண்டும். அது எங்கே இருக்கிறது, எதனால் வந்தது, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். கை வைப்பதெல்லாம் அதற்கு அப்புறம். இந்த நாளிலோ பழுதைப் பார்ப்பதற்கு யாருக்கும் பொறுமை கிடையாது. ஒரு விரலளவு கிழிந்திருந்தால் முழுவதையும் உரித்து எறிந்துவிட்டு, புதுச் சட்டையை மாட்டி, "பழுது பார்த்தாயிற்று" என்று கூலி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நான் பேச வந்தது பழைய டிரம்களைப் பற்றி. "நாட்டில் வேறு பிரச்னையே இல்லையா?" என்று வாசகர்களில் சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். சின்னப் பொருளிடம் நாம் நடந்துகொள்ளும் விதத்தில்தான் பெரிய விஷயங்களில் நம்முடைய குணம் தெரிகிறது.

நீலகிரியில் வெள்ளைக்காரத் துரைமார்கள் இருந்த நாளில், ஊட்டியிலும் குன்னூரிலும் தேயிலைத் தோட்டக்காரர்களுடைய கிளப்புகளிலும் நடனம் நடக்கும். நடனம் என்றால் பாண்டு வேண்டும். பாண்டு என்றால் டிரம் வேண்டும். துரைமார்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். டிரம்களில் சில இன்னும் இந்த மலையிலேயே இருக்கின்றன. வாசித்தவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டுப் பரணிலோ, ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துச் சாமான் அறையிலோ தூசி படிந்து கிடக்கின்றன.

அந்த டிரம்களின் அழகே அவற்றின் மேலுறைதான். உள்ளே இருப்பது வெறும் மர உருளை. அதைச் சுற்றி முத்துச் சிப்பியின் உட்புறம்போல் மின்னும் செல்லுலாய்டுத் தகட்டை வளைத்து ஒட்டியிருப்பார்கள். அமெரிக்காவில் லுட்விக், ஸ்லிங்கர்லாண்டு, இங்கிலாந்தில் பிரீமியர் முதலிய கம்பெனிகள் இப்படிப்பட்ட டிரம்களைச் செய்து உலகமெல்லாம் அனுப்பின. இந்த உறைதான் காலப்போக்கில் சுருங்குகிறது, மஞ்சளாகிறது, ஒட்டு விட்டுப்போய் விளிம்பில் நாக்கை நீட்டுகிறது.

குன்னூரில் எனக்குத் தெரிந்த ஒருவர், தம் தாத்தா வாசித்த டிரம்மை ஒரு நிபுணரிடம் கொடுத்தார். ஒட்டு விட்டிருந்தது ஒரு சாண் நீளம். நிபுணர் அதை ஒரு கணம்கூட உற்றுப் பார்க்கவில்லை. "சார், இதையெல்லாம் எதற்கு வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுகிறீர்கள்? உரித்துப் போட்டுவிட்டு ஸ்பிரே அடித்துத் தருகிறேன், புதுசு தோற்றுப்போகும்" என்றார். சொன்னபடியே செய்தார். டிரம் இப்போது வாடகைக் கார்போலப் பளபளவென்று இருக்கிறது. தாத்தாவின் குச்சிகள் அறுபது வருஷமாக விளிம்பில் பதித்திருந்த தழும்புகள் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டன. அந்த மனிதர் எந்தப் புத்தகத்திலும் இடம் பெற்றவர் அல்ல. அவர் வாசித்தார் என்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அந்தத் தழும்புகள்.

செல்லுலாய்டு என்பது என்ன என்று தெரிந்திருந்தால் அந்த நிபுணரின் கை கொஞ்சம் தயங்கியிருக்கும். மலை ரயிலில் குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்கள் வெல்லிங்டனைத் தாண்டியதும் அருவங்காட்டைப் பார்த்திருப்பார்கள். அங்கே 1903-ஆம் ஆண்டில் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. பஞ்சை அமிலத்தில் நனைத்து நைட்ரோ செல்லுலோஸ் ஆக்கினால் அது வெடிமருந்துக்கு ஆதாரம். அதே வகைப் பொருளோடு கற்பூரத்தைச் சேர்த்துத் தகடாக்கினால் செல்லுலாய்டு. பீரங்கிக்குப் போவதும் பாண்டுக்குப் போவதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தாம்!

அந்தக் கற்பூரம் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் காற்றோடு போய்விடுகிறது. கற்பூரம் போகப் போகத் தகடு சுருங்குகிறது. உள்ளேயிருக்கும் மரமோ ஊட்டியின் மழைமாதங்களில் ஈரம் குடித்து உப்புகிறது. தை மாசிப் பனியில் காய்ந்து சுருங்குகிறது. ஒன்று ஒரு பக்கம் இழுக்க, மற்றொன்று இன்னொரு பக்கம் இழுக்க, நடுவில் ஒட்டு பிரிகிறது. திருகாணித் துளைகளிலிருந்து விரிசல் கிளம்புகிறது. இது யாருடைய குற்றமும் அல்ல, வயோதிகம். வயோதிகத்துக்கு வைத்தியம் உண்டு. தோலை உரிப்பது வைத்தியம் அல்ல.

வைத்தியம் ஒன்றும் பிரம்ம வித்தையும் அல்ல. வளையங்களையும் திருகாணிகளையும், எது எந்த இடத்தது என்று அடையாளம் வைத்துக் கழற்ற வேண்டும். நன்றாகப் பிழிந்த துணியால் அழுக்கை எடுக்க வேண்டும். பெயின்ட் தின்னரையும் அசிடோனையும் உறைமேல் தேய்க்கவே கூடாது, செல்லுலாய்டு கரைந்துபோகும். தீ, சூடான இஸ்திரிப்பெட்டி எதையும் கிட்டே கொண்டுவரக் கூடாது. அதன் உடன்பிறப்பு யார் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒட்டு விட்ட இடத்தில் பழைய பசையைச் சுரண்டிவிட்டு, புதுப் பசையை மெல்லியதாகத் தடவி, பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிச் சுற்றி ஒருநாள் விட்டுவைக்கலாம். சுருங்கிய உறையை இழுத்து ஒட்டினால் வேறிடத்தில் வெடிக்கும். இடைவெளியை அப்படியே விட்டு, அதற்கு ஒரு பட்டை வைப்பதே புத்திசாலித்தனம்.

விரிசல் இருந்தால் அதன் நுனியில் குண்டூசித் தலையளவு ஒரு துளை போட்டால் அதற்குமேல் ஓடாது. செல்லுலாய்டுத் துண்டுகளை அசிடோனில் கரைத்தால் பசைபோல் ஆகும். அதைத் துளித் துளியாக விரிசலில் மட்டும் நிரப்பி, காய்ந்தபின் தேய்த்து மெருகிடலாம். வெள்ளை உறைக்குப் பழைய மேஜைப் பந்தே போதும். 2014-இல் வேறு பிளாஸ்டிக் பந்து புகும்வரை பன்னாட்டுப் போட்டிகளில் ஆடியது செல்லுலாய்டுப் பந்தைத்தான். ஒரு துண்டே காணாமல் போயிருந்தால், இரும்பு மாட்டிகளுக்கு அடியில் மறைந்திருக்கும் இடத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிப் பொருத்தலாம். அதே வயது, அதே நிறம், அதே முத்தொளி. எந்தக் கடையில் கிடைக்கும் இது?

"உரித்தால் நாதம் நன்றாக வரும்" என்பார்கள். நாதத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மேலே கட்டிய தோலும், அதன் இழுப்பும், அது உட்காரும் மர விளிம்பும். அவற்றைச் சீராக வைக்கத் தெரியாதவர்கள்தாம் உறையின்மேல் பழி போடுகிறார்கள். "புது உறை வாங்கி ஒட்டினால் என்ன?" என்பார்கள். பழையதைவிடப் புதுத் தகடு கொஞ்சம் தடித்துவிட்டால் உருளை பருத்து, தோல் சரியாக உட்காராது. அப்புறம் மரத்தை இழைக்கச் சொல்வார்கள்! "கட்டுப்படி ஆகுமா?" என்பது மூன்றாவது கேள்வி. பீட்டில்ஸ் கோஷ்டியின் ரிங்கோ ஸ்டார் 1963-இல் வாங்கிய லுட்விக் டிரம் செட், கறுப்பு முத்து உறையோடு 2015-இல் ஏலத்தில் இருபது லட்சம் டாலருக்குமேல் போயிற்று. அவருடைய புகழுக்குத்தான் அந்த விலை, மறுக்கவில்லை. ஆனால் யாராவது அதை உரித்து நீலப் பெயின்ட் அடித்திருந்தால் அந்த விலை கேட்டிருப்பார்களா?

ஓர் ஆட்சேபத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். சில உறைகள் மெய்யாகவே அழுகிப்போகின்றன. பிசுபிசுக்கும், அமில நெடி அடிக்கும், பக்கத்திலுள்ள உலோகத்தைத் தின்னும். அதை வீட்டில் வைத்திருப்பதே அபாயம், எடுத்துத்தான் ஆகவேண்டும். அப்போதும் முதலில் படம் எடுத்து வையுங்கள். அளவுகளைக் குறித்து வையுங்கள். கால் அழுகிவிட்டால் டாக்டர் வெட்டுகிறார், வாஸ்தவம். ஆணி குத்திய காலையெல்லாம் வெட்டுகிறவரை யாராவது டாக்டர் என்பார்களா?

இந்தப் பொருளை நாம் அலட்சியம் செய்தது இது முதல் தடவை அல்ல. பழைய சினிமாச் சுருள்களும் நைட்ரோ செல்லுலோஸ்தான். 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இன்று நமக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துச் சுருள்களை "பழசு, யாருக்கு வேண்டும்?" என்று விட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல, அவசரக்காரர்கள், அவ்வளவுதான். செல்லரித்த ஏடுகளைக் கண்டு உ. வே. சாமிநாதையரும் அப்படியே அவசரப்பட்டிருந்தால் நம் கதி என்ன?

இதே நீலகிரியில் வேறு பாடமும் இருக்கிறது. கோத்தர்கள் பரம்பரையாகத் தாமே தச்சர், தாமே கொல்லர், தாமே வாத்தியக்காரர். செய்கிற கையும் வாசிக்கிற கையும் ஒரே சமூகத்தில் இருந்தால் பொருளிடம் மரியாதை தானாக வரும். மலை ரயிலையும் பாருங்கள். 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் ஏறிய அந்த ரயில் பாதையை, "பழசு" என்று பெயர்த்து எறியாமல் காப்பாற்றி வைத்ததனால்தான் 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பல்சக்கரத்துக்கு ஒரு நியாயம், டிரம்முக்கு ஒரு நியாயமா?

பொறுமையாக ஒட்டுப்போடுகிறவனுக்கு நாம் கூலி கொடுப்பதில்லை. உரித்துப் பெயின்ட் அடிக்கிறவனுக்குத் தாராளமாகக் கொடுக்கிறோம். பிறகு, "பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லையே" என்று அங்கலாய்க்கிறோம். ஆள் எப்படிக் கிடைப்பான்? நாம்தானே அவனைப் பட்டினி போட்டோம்! உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு டிரம் இருந்தால், ஒட்டத் தெரிந்தவன் வரும்வரை அது வெயில் படாமல் பரணிலேயே கிடக்கட்டும். தூசியைத் துடைத்துக்கொள்ளலாம். உரித்ததை ஒட்ட முடியாது.