திறைசேரியைக் கணக்குக் கேட்ட கிராமத்தவர்

ஐக்கிய அமெரிக்காவிலே 1936 ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டமொன்று, பல்லாண்டுகளாக ஏட்டளவில் உறங்கிக் கிடந்தபின், 2024 டிசம்பரில் திடீரெனக் கண்விழித்தது. பெரிய கொள்வனவாளருக்கு ஒரு விலையும் சிறுகடைக்காரருக்கு வேறொரு விலையும் வைத்ததாக மதுபான மொத்த வியாபார நிறுவனமொன்றின்மீது அந்நாட்டின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு அச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதம் பெப்சிக்கோ நிறுவனத்தின்மீதும் இத்தகைய வழக்கொன்று வந்தது. பின்னர் ஆட்சி மாறிற்று. ஆணைக்குழுவின் தலைமையும் மாறிற்று. 2025 மே மாதத்தில் பெப்சிக்கோ மீதான வழக்கை ஆணைக்குழு தானே கைவிட்டது. இவ்வழக்குகளின் நியாய அநியாயம் நீதிமன்றத்துக்கு உரியது. அச்சட்டத்தின் பெயரே எமது கவனத்தை ஈர்க்கின்றது. ரொபின்சன் – பட்மன் சட்டம் என்ற அப்பெயரின் பிற்பாதி, பருத்தி விளையும் கிராமப்புறத் தொகுதியொன்றின் பிரதிநிதியுடையது.

ரைட் பட்மன் 1893 இல் டெக்சாஸ் மாநிலத்தின் வடகிழக்குக் கோடியிலே பிறந்தவர். குத்தகை நிலத்திற் பருத்தி பயிரிட்டுச் சேர்த்த பணத்தைக்கொண்டு சட்டம் பயின்றவர். மாநில சட்டசபையிலும் அரசாங்க வழக்குரைஞர் பதவியிலும் இருந்துவிட்டு, 1929 இல் வாஷிங்டன் பிரதிநிதிகள் சபையிற் காலெடுத்து வைத்தார். 1976 மார்ச்சில் இறக்கும்வரை, நாற்பத்தேழு ஆண்டுகள், அவர் அச்சபையை விட்டு நீங்கவில்லை.

கிராமத்துப் பிரதிநிதி தம் தொகுதிக்கு எதைக் கொண்டுவந்தார் என்று கேட்பது உலக வழக்கு. பாலம் எங்கே, பாதை எங்கே, தபாற்கந்தோர் எங்கே? இக்கேள்வியை நாம் இழிவாகக் கருதவில்லை. மாரிகாலத்தில் ஆற்றைக் கடக்க மாட்டாது தவிப்பவனுக்குப் பாலம் அற்ப விஷயமன்று. ஆனால், பாலத்துக்குரிய பணப்பை எவர் கையில் இருக்கின்றது, அவர் யாருக்குக் கணக்குக் காட்டுகின்றார் என்று கேட்கும் அங்கத்தவர் அரிதிலும் அரிது. பட்மன் அதையே கேட்டார். சலிப்புத் தட்டுமளவுக்குக் கேட்டார். சக அங்கத்தவர் பலர் அவர் எழுந்ததும் கொட்டாவி விட்டனர் என்றால் அதில் வியப்பில்லை.

அவரது முதற் போராட்டம் சமஷ்டி அரசின் செலவைப் பற்றியதே. முதலாம் உலக மகாயுத்தத்திற் சேவை செய்த போர்வீரருக்கு, அக்கால ஊதியக் குறைவை ஈடுசெய்யும் பத்திரங்களை 1924 ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. ஆனால் அப்பத்திரங்கள் பணமாவது 1945 இலேதான். பொருளாதார மந்தம் நாட்டைக் கவ்வியபோது, ‘பல வருஷத்துக்கு அப்பால் வரும் பணம் இன்று பட்டினி கிடப்பவனுக்கு எதற்கு?’ என்ற கேள்வி எங்கும் எழுந்தது. உடனடிக் கொடுப்பனவுக்கான பட்மனின் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 1932 ஜூன் மாதத்தில் 211 க்கு 176 என்ற வாக்குகளால் ஏற்றது. செனற் சபை 62 க்கு 18 ஆகத் தள்ளியது. தலைநகரில் வந்து கூடாரமிட்டிருந்த போர்வீரரை அடுத்த மாதத்தில் இராணுவத்தை ஏவித் துரத்தினார்கள். ஹூவர் போய் ரூஸ்வெல்ட் வந்தார். அவரும் இதை விரும்பவில்லை. 1935 இல் பட்மனின் மசோதாவைத் தம் மறுப்பதிகாரத்தால் நிராகரித்தார். 1936 ஜனவரியிலே, ஜனாதிபதியின் மறுப்பையும் மீறி, சற்றே வேறுபட்ட மசோதாவொன்று சட்டமாயிற்று. ஏறக்குறைய 200 கோடி டொலர் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பாய்ந்தது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது தர்மசிந்தையன்று, கணக்கு. பருத்தி நாட்டிலே விவசாயி கடைக்காரனிடம் விளைச்சலை ஈடுவைத்து விதையும் மாவும் கடனாக வாங்கினான். கடைக்காரன் மொத்த வியாபாரியிடம் கடன்பட்டான். மொத்த வியாபாரி வங்கிக்குப் பதில் சொல்லவேண்டியவன். பருத்தி விலை விழுந்த அன்று இந்தச் சங்கிலி முழுவதும் அறுந்தது. விவசாயம் ஒரு மந்திரிக்கு, வியாபாரம் இன்னொரு மந்திரிக்கு, வரவு செலவு மூன்றாமவருக்கு என்று தலைநகரம் பிரித்து வைத்திருந்த மூன்றும் கிராமத்தான் கண்ணுக்கு ஒரே கயிறு. அக்கயிற்றின் தலைப்பு திறைசேரியில் இருக்கின்றது என்பதை அறிந்திருந்ததே பட்மனின் பலம்.

எனவே அவர் திறைசேரி மந்திரியையே கூண்டில் ஏற்றத் துணிந்தார். அன்ட்றூ மெலன், 1921 முதல் அப்பதவியை வகித்த கோடீஸ்வரர். வங்கி, எண்ணெய், அலுமினியம் என்று அவர் குடும்பம் கைவைக்காத துறை அரிது. திறைசேரிக்குப் பொறுப்பானவர் வியாபாரத்தில் ஈடுபடலாகாது என்று 1789 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அதனைக் காட்டி, மெலனைக் குற்றஞ்சாட்டிப் பதவிநீக்க வேண்டுமென்று 1932 ஜனவரியில் பட்மன் சபையிலே எழுந்து கூறினார். சில வாரங்களில் மெலன் இலண்டனுக்குத் தூதுவராக அனுப்பப்பட்டார். விசாரணை அத்துடன் நின்றது. தப்ப வைப்பதற்கும் ஒரு மரியாதை வேண்டாமா!

1936 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வருவோம். அக்காலத்தில் ‘ஏ அன்ட் பி’ என்ற பலசரக்கு நிறுவனம் மாத்திரம் ஏறக்குறைய 15,000 கிளைக்கடைகளை வைத்திருந்தது. அது உற்பத்தியாளரிடம் வெளிப்படையான விலைக்கழிவு வாங்கியதோடு நிற்கவில்லை. விளம்பரச் செலவு என்றும் தரகு என்றும் பெயரிட்டு இரகசியச் சலுகைகளையும் பெற்றது. மூலைக்கடைக்காரன் எவ்வளவு சாமர்த்தியசாலியாயினும் அச்சலுகையை ஈடுசெய்ய முடியாது. போட்டியைக் கெடுக்கும்வகையில், ஒரே பொருளை ஒரே தரத்தில் இரு வியாபாரிகளுக்கு இரு விலையில் விற்கலாகாது என்றும், விலை வேறுபட்டாற் செலவில் உண்மையான வேறுபாடு இருப்பதைக் காட்டவேண்டும் என்றும் சட்டம் விதித்தது. போட்டியாளன் வைத்த விலைக்கு இறங்கிவருதலும் ஒரு விலக்கு.

இச்சட்டத்தாற் பண்டங்களின் விலை ஏறும், வாங்குவோனே நட்டப்படுவான் என்று பொருளியலாளர் பலர் அன்று தொட்டு இன்றுவரை வாதிடுகின்றனர். இவ்வாதத்தை எள்ளி நகையாடுதல் சரியன்று. பட்மன் 1938 இல் இன்னும் ஒருபடி மேலே சென்று, கிளைக்கடைகள் பெருகப் பெருக ஏறும் கடும் வரியொன்றைக் கொண்டுவர முயன்றபோது, அதை எதிர்த்துச் சாட்சியம் கூறியோருள் முன்னணி விவசாய சங்கங்களும் இருந்தன. மிகுதியாக விளைந்த பழத்தையும் காய்கறியையும் பெருமளவில் வாங்கி விற்றுக்கொடுத்தவை அப்பெருங்கடைகளே அல்லவா? அம்மசோதா மடிந்தது. சிறுகடைக்காரனின் நலமும் விவசாயியின் நலமும் எந்நேரமும் ஒன்றே என்று மேடையிற் சொல்வது எளிது.

இதனினும் கசப்பான உண்மை வேறொன்று உண்டு. பருத்தி நாட்டின் கிராமத்துக் கடைக்காரன் எப்போதும் பரிதாபத்துக்குரியவன் அல்லன். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு வேறொரு விலை என்று எழுதி, அதன்மேல் வட்டியும் போட்டு, அறுவடையன்று குடியானவன் கையில் ஒன்றும் மிஞ்சாதவாறு கணக்கு முடித்தவனும் அவனேதான். பெரிய நிறுவனம் இருவிலை வைப்பதை அநீதி என்று கண்ட சட்டம், சிறிய கடை ஏழைக்கு இருவிலை வைத்ததைக் காணவில்லை. அந்நோய்க்கு மருந்தென்று சொல்லத்தக்கது பட்மன் துணைநின்ற இன்னொரு சட்டமாகும். செனற்றர் ஷெப்பர்ட்டுடன் அவர் முன்னெடுத்த 1934 ஆம் ஆண்டுச் சட்டம், அங்கத்தவரே பணம் சேர்த்து அங்கத்தவருக்கே குறைந்த வட்டிக்குக் கொடுக்கும் கடன் சங்கங்களுக்குச் சமஷ்டி அரசின் அங்கீகாரம் அளித்தது. எமது ஊர்களில் ஐக்கிய நாணய சங்கம் என்று அறியப்பட்டதற்கு இது ஒப்பானது. அவரது சட்டங்களுள் ஆரவாரம் குறைந்தது இது. எமது அபிப்பிராயத்தில் மிகுந்த பயன் விளைத்ததும் இதுவே.

பட்மனை எடைபோட அவர் காலத்துக் கிராமப் பிரதிநிதி இன்னொருவரை அருகே நிறுத்திப் பார்த்தல் தகும். மிசிசிப்பியின் ஜேமி விற்றன் 1941 முதல் 1995 ஜனவரிவரை சபையில் இருந்தவர். விவசாயச் செலவுகளை ஒதுக்கும் உபகுழுவின் தலைமை 1949 முதல், ஈராண்டு இடைவெளி நீங்கலாக, 1992 வரை அவரிடமே இருந்தது. மந்திரிகள் வந்தார்கள், போனார்கள். ‘நிரந்தர விவசாய மந்திரி’ என்று அவரையே அழைத்தார்கள். தொகுதிக்குக் கொண்டுவருவதில் அவரை விஞ்சியோர் சிலரே. ஆனால் 1946 இல், மிசிசிப்பியின் கொஹோமா மாவட்டத்து வாழ்க்கையை ஆராய்ந்த விவசாயப் பொருளாதாரப் பணிமனை அங்கு நிலவிய நிறப் பாகுபாட்டையும் எழுதிவிட்டபோது, விற்றன் சீறியெழுந்தார். அத்தகைய ஆய்வுகளுக்குப் பணம் செலவிடலாகாது என்று ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. 1953 இல் அப்பணிமனையே கலைக்கப்பட்டது. பணப்பையைத் திறக்கும் கை, எதை எண்ணலாம் எதை எண்ணலாகாது என்பதையும் தீர்மானிக்கின்றது.

பட்மன் இவ்விடத்தில் விற்றனிலும் உயர்ந்து நின்றார் என்று எழுத நாம் ஆசைப்படலாம், வரலாறு இடந்தரவில்லை. டெக்சாஸ் சட்டசபையிலே கு குளுக்ஸ் கிளான் கொடிகட்டிப் பறந்த நாளில் அதை எதிர்த்துத் தீர்மானம் கொணர்ந்த அதே மனிதர், பாடசாலைகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற 1954 ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கண்டிக்கும் தென்மாநிலத்தாரின் பிரகடனத்தில் 1956 இல் கையொப்பமிட்டார். விற்றனும் ஒப்பமிட்டார். 1964 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்கு எதிராகவும் பட்மன் வாக்களித்தார். சிறிய மனிதனுக்காக நாற்பத்தேழு வருஷம் வாதாடியவரின் பேரேட்டில், சிறியோருள் மிகச் சிறியோனாக்கப்பட்டவனுக்கு ஒரு பக்கம் இருக்கவில்லை. 1920 இல் அமெரிக்காவில் 925,000 அளவினராக இருந்த கறுப்பின விவசாயிகள் 1997 இல் 18,000 அளவினராகச் சுருங்கினர். இயந்திரமும் நகரை நோக்கிய குடிபெயர்வும் இதற்குக் காரணங்களே. ஆயினும் விவசாயத் திணைக்களம் கடன் வழங்குவதில் நிறபேதம் காட்டியது என்று விவசாயிகளே தொடுத்த வழக்கு 1999 இல் அரசாங்கம் நட்டஈடு செலுத்தும் இணக்கத்தில் முடிந்தது. அக்கடனுக்குரிய பணத்தை ஆண்டுதோறும் ஒதுக்கிய சபையில் இவ்விருவரும் எத்தனை தசாப்தங்கள் அமர்ந்திருந்தனர் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கட்டும்.

பட்மனின் கடைசிக் காலம் அவரது குணத்தை நன்கு காட்டுகின்றது. 1963 முதல் வங்கி, நாணயக் குழுவின் தலைவராயிருந்தபோது, சமஷ்டி ரிசேர்வ் வங்கியை அவர் விடாது துளைத்தார். அரசாங்கப் பத்திரங்களின் வட்டியைப் பெற்று, அதிலிருந்து தன் செலவைத் தானே செய்துகொண்டு, காங்கிரசிடம் ஒதுக்கீடு கேளாத ஸ்தாபனம் அது; அதன் ஏடுகளைக் கணக்காய்வாளர் பார்க்கவேண்டும் என்பதே அவர் கோரிக்கை. 1972 இல் வாட்டர்கேற் திருடரின் சட்டைப்பையில் இருந்த நூறு டொலர்த் தாள்கள் எவ்வங்கி வழியே வந்தன என்று தேட முதலில் முனைந்தோருள் அவரும் ஒருவர். சாட்சிகளைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை அவருடைய குழுவே 20 க்கு 15 என மறுத்தது. வராத நான்கு சாட்சிகளுக்காக நான்கு வெற்று நாற்காலிகளைப் போட்டு அவர் கூட்டம் நடத்தினார்.

1975 ஜனவரியில் அவருடைய கட்சியின் புதிய அங்கத்தவர்கள் அவரைத் தலைமையிலிருந்து இறக்கினர். அவருக்கு அப்போது எண்பத்தொரு வயது, முதுமையைக் காரணங்காட்டினார்கள். அவர் மறைந்து ஈராண்டு கழிந்து, 1978 இல், சமஷ்டி ரிசேர்வ் வங்கியின் கணக்குகளைக் காங்கிரசின் கணக்காய்வாளர் பார்க்கலாம் என்று சட்டம் பிறந்தது. வட்டியையும் பணப்புழக்கத்தையும் பற்றிய ஆலோசனைகள் அதிலும் விலக்கி வைக்கப்பட்டன.