எலுமிச்சம்பழமும் முழங்காலும்

நம் நாட்டில் பிள்ளைகள் விளையாடுவதே இல்லை என்று குறை சொல்லுகின்றவர்களைவிட, விளையாடுகின்ற பிள்ளை தேகப் பயிற்சி செய்ய மறுக்கின்றது என்று குறை சொல்லுகின்றவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். “பந்தைக் கொடுத்தால் பொழுது சாயும்வரை ஓடுகின்றான், பத்துத் தண்டால் எடு என்றால் வயிற்றுவலி வந்துவிடுகின்றது” என்பது தகப்பன்மார் புலம்பல். “கபடிக் களத்தில் புலி, பஸ்கி போடச் சொன்னால் பூனை” என்பது டிரில் மாஸ்டர்மார் புலம்பல். இந்தப் புலம்பல்களை எல்லாம் கேட்ட பிறகு நமக்குத் தோன்றுவது ஒன்றே. குற்றம் பிள்ளையினுடையது அல்ல. காரணம் சொல்ல மாட்டாத பெரியவர்களுடையதே ஆகும்.

சமீபத்தில் ஒரு கிராமத்தில் நமது தோழர் ஒருவர் வீட்டிற்குப் போயிருந்தோம். அவர் மகளுக்கு வயது 13. கபடியில் அவள் பாடிப் போனால் எதிர்க்கட்சியார் கோட்டோடு ஒட்டிக்கொள்ளுவார்கள் என்று ஊரார் பெருமையாய்ச் சொன்னார்கள். ஆனால் அன்று அந்தப் பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். கணுக்காலில் கறுப்புக் கயிறு. வாசல் நிலையில் மிளகாயும் எலுமிச்சம்பழமும். “ஊர்க் கண்ணெல்லாம் புள்ள கால்லதான் இருக்கு” என்றார் அவள் அப்பத்தா.

நாம் பெண்ணைப் பார்த்து, “மாஸ்டர் சொல்லுகிற பயிற்சியைச் செய்கிறாயா, அம்மா?” என்றோம்.

“இல்லீங்க.”

“ஏன்?”

“எதுக்குச் செய்யணும்னு கேட்டேன். பெரியவங்க சொன்னா செய்யணும், எதிர்க்கேள்வி கேக்கக் கூடாதுன்னுட்டாரு. அதான் செய்யலை.”

தோழர்களே! இந்தப் பதிலைக் கேட்டு அந்த வீட்டில் எல்லோரும் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். நாமோ அந்த வீட்டில் அறிவோடு பேசியவள் அவள் ஒருத்திதான் என்று சொன்னோம். எதற்கு என்று தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்வது மந்திரம் முணுமுணுப்பதற்குச் சமானமே ஒழிய வேறல்ல. காரணம் சொல்லாமல் செய்யச் சொன்ன தண்டாலுக்கும், காரணம் சொல்லாமல் கட்டிவிட்ட கயிற்றுக்கும் என்ன வித்தியாசம்? தண்டாலுக்குக் காரணம் உண்டு, கயிற்றுக்குக் கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் காரணத்தை மறைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் பிள்ளைக்குத் தோன்றும்.

நிற்க. அந்தப் பெண்ணின் முழங்கால் வலிக்குக் கண்ணேறு காரணம் அல்லவென்றால் வேறு என்னதான் காரணம் என்பதைப் பார்ப்போம். வைத்தியரிடம் காட்டியதில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்பக்கத்தில் இருக்கும் எலும்பு மேட்டில் நோவு என்று சொன்னார். பெண்கள் 11, 12 வயதிலும், ஆண்கள் 13, 14 வயதிலும் திடீரென்று உயர்ந்து வளருகின்றார்கள். அப்போது எலும்பு முந்திக்கொண்டு நீளுகின்றது. தசையும் நாணும் பின்தங்கி நிற்கின்றன. ஓடியும் குதித்தும் ஆடுகின்ற பிள்ளையின் தொடைத் தசையானது இன்னும் முற்றாத அந்த எலும்பு மேட்டை ஓயாமல் பிடித்து இழுப்பதால் நோவு உண்டாகின்றது. இதை 1903-ஆம் வருஷத்திலேயே பாஸ்டன் நகரத்து ஆஸ்குட் என்பவரும் சூரிச் நகரத்து ஷ்லாட்டர் என்பவரும் தனித்தனியே எழுதி வைத்துவிட்டார்கள். நூறு வருஷங்களுக்கு மேலாகியும் நம் வீட்டு வாசலுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. எலுமிச்சம்பழம் மாத்திரம் தவறாமல் வந்து சேருகின்றது!

கண்பட்டுக் கால் கெடுமானால், பல்லாயிரம் கண்கள் பார்க்க ஆடுகின்ற ஆட்டக்காரர்கள் ஒருவராவது எழுந்து நடக்க முடியுமா? இரண்டு கட்சியாரும் பழம் கட்டிவந்தால் பழம் எந்தக் கட்சிக்கு வேலை செய்யும்? இந்தக் கேள்விகளைப் பத்து வயதுப் பிள்ளைகூடக் கேட்கும். பெரியவர்கள்தான் கேட்பதில்லை.

இனி, கொஞ்சம் படித்தவர்களின் மூடநம்பிக்கைக்கு வருவோம். “சிறு வயதில் பளு தூக்கினால் உயரம் குன்றிவிடும்” என்று இவர்கள் சொல்லுகின்றார்கள். இதே பெண் தினமும் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாய்த் தண்ணீர் சுமக்கின்றாளே, அப்போது உயரம் குன்றாதா? பள்ளிக்கூடத்துப் புத்தக மூட்டையை முதுகு வளையச் சுமக்கின்றானே பையன், அப்போது குன்றாதா? குடம் தூக்கினால் குன்றாத வளர்ச்சி, குண்டு தூக்கினால் மாத்திரம் குன்றிவிடும் என்பது எந்தச் சாஸ்திரம்? ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தரையில் விழுகின்ற பாரம் தேக எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகின்றது. அதைத் தாங்கும் எலும்பு, முறையாய்த் தூக்கும் ஒரு சிறு பளுவில் கெட்டுவிடும் என்பது கணக்குத் தெரியாதவர் பேச்சாகும். தெரிந்தவர் மேற்பார்வையில், வயதுக்குத் தக்கபடி, படிப்படியாய்ச் செய்யும் பயிற்சியால் வளர்ச்சி குன்றுவதில்லை என்பதே குழந்தை வைத்தியர்களின் முடிவு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட விதிகளில், 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தசையையும் எலும்பையும் உறுதிப்படுத்தும் வேலையை வாரத்தில் குறைந்தது 3 நாட்களாவது செய்ய வேண்டுமென்று சொல்லியிருக்கின்றது.

மூன்றாவது கூட்டத்தார், “எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டோமே!” என்று மீசையை முறுக்குகின்றார்கள். சரி, தூக்கினீர்கள். தூக்கும்போது முதுகு பிடித்துப் படுத்தவன் கதையை எந்தத் திண்ணையிலாவது யாராவது சொல்லுகின்றீர்களா? ஜெயித்தவனைப் பற்றி மாத்திரம் பேசி, விழுந்தவனை மறந்துவிடுவதுதான் எல்லாப் புராணத்திற்கும் வழக்கம். திருவிழாவன்று ஒரு பெரிய கல்லை ஒரே மூச்சில் தூக்கிக் காட்டுவது வீம்பு. சிறு பளுவில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாய் ஏற்றுவதே பயிற்சி.

இந்தப் பயிற்சியால் காயம் குறையும் என்பதற்கு ஆதாரம் என்னவென்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நார்வே தேசத்தில் கால்பந்து ஆடும் 13 முதல் 17 வயது வரையுள்ள பெண்கள் 1,892 பேரைப் பரீட்சித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். 125 சங்கங்களைச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டாய்ப் பிரித்து, ஒரு பகுதியாருக்கு ஆட்டத்திற்கு முன் சுமார் 20 நிமிஷப் பயிற்சி கொடுத்தார்கள்: மெதுவோட்டம், தசையுறுதி, ஒற்றைக் காலில் நிற்றல், குதித்து ஒழுங்காய் இறங்குதல் ஆகியவை. மற்றப் பகுதியாரை வழக்கம்போல் ஆடவிட்டார்கள். பயிற்சி செய்தவர்களுக்குக் காயம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கடுமையான காயமும், ஓயாத உழைப்பால் வரும் காயமும் சுமார் பாதியாய்க் குறைந்தன. மேலும், 26,000-க்கும் அதிகமான பேரை உட்படுத்திய 25 பரீட்சைகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2014-இல் வெளியிட்டதில், தசையுறுதிப் பயிற்சியால் விளையாட்டுக் காயம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியதாகக் கண்டார்கள். எந்தக் கோயில் கயிற்றையாவது இப்படிச் சீட்டுப் போட்டுப் பரீட்சிக்க யாராவது முன்வருவார்களா?

நார்வே பரீட்சையில் மற்றொரு விஷயமும் வெளிப்பட்டது. அதுதான் நமக்கு முக்கியமானது. பயிற்சியை விடாமல் செய்தவர்களுக்கே பலன் அதிகம். எந்தக் குழுவின் பயிற்சியாளருக்கு அதில் நல்ல எண்ணம் இருந்ததோ, அந்தக் குழுவே விடாமல் செய்தது. அங்கேயே காயமும் குறைந்தது. ஆகவே பிள்ளையின் முழங்காலைக் காப்பாற்றுகின்ற முதல் கருவி இரும்புக் குண்டு அல்ல. பெரியவர்களின் மனப்போக்கே ஆகும்.

ஆனால் நம் பெரியவர்களின் மனப்போக்கு எப்படி இருக்கின்றது? நேரம் கழித்து வந்தால் இருபது தண்டால்! பேசினால் மைதானத்தைச் சுற்றி ஐந்து ஓட்டம்! கணக்கில் தப்புச் செய்தால் ஐம்பது தோப்புக்கரணம்! உடலுக்கு உறுதி தரும் காரியங்களை எல்லாம் தண்டனையாக்கிவிட்டு, பிறகு பிள்ளை அதை விரும்பவில்லையே என்றால், இது என்ன நியாயம்? சோற்றைத் தண்டனையாய்ப் போட்டால் சோறுகூடக் கசந்துபோகும். இது ஒருபுறமிருக்க, எத்தனையோ பள்ளிக்கூடங்களில் பந்துக்கும் குண்டுக்கும் ஆயுத பூசையன்று சந்தனம் பூசி, பொரி படைத்து, மறுநாள் அறையில் வைத்துப் பூட்டிவிடுகின்றார்கள். ஒருநாள் கும்பிட்டுவிட்டு மற்ற நாளெல்லாம் பூட்டி வைப்பதைவிட, ஒருநாளும் கும்பிடாமல் வாரத்தில் மூன்று நாள் கையில் கொடுப்பது மேல் அல்லவா?

பெண்பிள்ளைகள் விஷயமோ இன்னும் மோசம். திடீரென்று முழங்கால் திரும்பி உள்நாண் அறுந்துபோகும் காயமானது, ஒரே ஆட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்கும் அதற்கு மேலும் வருகின்றது. அறுந்தால் சத்திர சிகிச்சை. பிறகு களத்திற்குத் திரும்ப 9 மாதமோ அதற்கு மேலோ ஆகும். ஏழை வீட்டுப் பெண்ணுக்கு அதோடு விளையாட்டே முடிந்துபோகும். விளையாட்டால் கிடைக்கவிருந்த படிப்பும் உத்தியோகமும் அதோடு போகும். ஆகவே 12, 13 வயதில்தான் அவளுக்குப் பயிற்சி அவசரம். நம்மவர்களோ அந்த வயதில்தான் “பெரியவளாகிவிட்டாள்” என்று மூலையில் உட்கார வைக்கின்றார்கள்! தசை உறுதிப்பட வேண்டிய காலத்தில் மூலை, பிறகு ஒருநாள் களத்தில் விழுந்தால், “பெண்ணுக்கு எதற்கு இந்த ஆட்டம்?” என்ற பேச்சு. விழுந்ததற்குக் காரணம் ஆட்டமா, மூலையா என்று யோசித்துப் பார்க்க வேண்டுகின்றோம்.

அப்படியானால் பிள்ளையை எப்படித்தான் செய்ய வைப்பது என்பீர்கள். அந்தப் பெண்ணிடம் நாம் செய்ததைச் சொல்லுகின்றோம். முதலில் வலிக்குக் காரணத்தைச் சொன்னோம். பிறகு, “இதை நம்ப வேண்டாம், நீயே சோதித்துப் பார்” என்றோம். நோவில்லாத காலில் நின்று கண்ணை மூடச் சொன்னோம். சில விநாடிகளிலேயே தள்ளாடினாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “பாடிப் போய் எதிர்க்கட்சியார் கணுக்காலைப் பிடிக்கும்போது நீ நிற்பது இந்த ஒற்றைக் காலில்தானே? இது தள்ளாடினால் கோட்டைத் தொட முடியுமா?” என்றோம். அதற்கு மேல் உபதேசம் வேண்டியிருக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டாள்.

ஆகவே வழி இதுதான். காரணத்தைச் சொல்லுங்கள். பிள்ளை எதில் ஜெயிக்க ஆசைப்படுகின்றதோ அதோடு பயிற்சியைச் சேர்த்துக் காட்டுங்கள். ஒற்றைக் காலில் எத்தனை விநாடி, ஒழுங்காய் எத்தனை பஸ்கி என்று அதன் கையாலேயே எழுதச் சொல்லி, எட்டு வாரம் கழித்துப் பழைய ஏட்டைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாய் விடாமல் நாலு கூட்டாளிகளோடு செய்யவிடுங்கள். எதை முதலில் செய்வது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். கூடுமானால் நீங்களும் பக்கத்தில் நின்று பத்துப் பஸ்கி போடுங்கள். உங்கள் முழங்காலுக்கும் அது கெடுதல் அல்ல.

செய்ய வேண்டியதும் அதிகமில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், 20 நிமிஷம் போதும். பஸ்கி, தண்டால், ஒற்றைக் காலில் நிற்றல், முழங்கையை ஊன்றி உடலைப் பலகைபோல் நீட்டி நிறுத்துதல், குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடங்காமல் பாதத்திற்கு நேராய்ச் சத்தமின்றி இறங்குதல் — இவற்றிற்குக் காசு வேண்டியதில்லை. முறை பழகிய பிறகே பளு. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாய். வீம்புக்குத் தூக்குதல் கூடவே கூடாது. நோவு வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட வைக்காமல் நிறுத்தி வைத்தியரிடம் காட்ட வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வும், வயிறாரப் பயறும் கடலையும் முட்டையும், நல்ல தூக்கமும் வேண்டும். பழத்திற்கும் கயிற்றுக்கும் போகும் காசை முட்டைக்குக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

பிள்ளை “ஏன்?” என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்வியை அடக்குகின்றவன் பிள்ளையின் அறிவையும் கெடுக்கின்றான், முழங்காலையும் கெடுக்கின்றான். பதில் தெரியாவிட்டால், “தெரியாது, இருவரும் சேர்ந்து தெரிந்துகொள்ளுவோம்” என்று சொல்லுவதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. நாம் திரும்பும்போது அந்த வீட்டு நிலையில் பழம் அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்க்கும்படி நாம் சொல்லவில்லை. எட்டு வாரம் கழித்து அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கும்போது, அவிழ்ப்பதா வேண்டாமா என்பதை அந்த வீட்டாரே முடிவு செய்துகொள்ளட்டும்.