எல்லாம் பார்த்திட்டம்

பாரிஸில் பிள்ளைகளோடு சில வாரம் இருந்துவிட்டு வந்த யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பார் எவரிடமாவது "என்ன பார்த்தனீங்கள்?" என்று கேளுங்கள். "எல்லாம் பார்த்திட்டம்" என்றுதான் பதில் வரும். அடுத்து ஃபோன் வெளியே வரும். ஈபிள் கோபுரத்தின் கீழே ஒரு படம், லூவர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிட்டுக்கு முன்னால் ஒரு படம், நோத்ர டாம் தேவாலய வாசலில் ஒன்று, மொன்மார்த்ர் குன்றில் சக்ரே கேர் பேராலயப் படிக்கட்டில் ஒன்று. எல்லாவற்றிலும் ஒரே சேலை, ஒரே குளிர்ச்சட்டை. வெளிச்சம் மட்டும் காலை, மத்தியானம், பின்னேரம், இருட்டு என்று மாறியிருக்கும். முகமும் அதே ஒழுங்கில் வாடியிருக்கும்.

அந்த முகத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "வயது போட்டுது, நடக்க ஏலாது" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் அந்த முகத்தின் பக்கம். போன இடத்தில் உள்ளதையெல்லாம் பார்த்துவிட வேண்டும், ஒன்றைத் தவறவிட்டாலும் விமானக் காசில் அவ்வளவு நட்டம் என்கிற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் படித்தவர், படியாதவர், சைவர், வேதக்காரர் என்ற பேதமில்லாமல் வேரூன்றியிருக்கிறது. சிக்கனத்தின் வேடத்தில் வந்த ஊதாரித்தனம் இது. காசைக் கொடுத்து, காலை நோகவைத்து, ஒன்றையும் பார்க்காமல் திரும்புவதற்கு இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கென்றால் எங்கள் ஆட்கள் மறுக்கமாட்டார்கள். லூவரில் காட்சிக்கு இருப்பவை ஏறத்தாழ 35,000. ஓர் ஓவியத்தின் முன் மனிதர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதை நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் நேரம் பிடித்துப் பார்த்து 2001இல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரி 27 விநாடி. பாதித் தடவை 17 விநாடிகூட இல்லை. அந்த அரைகுறை 27 விநாடியையே லூவரின் ஒவ்வொரு பொருளுக்கும் கொடுத்தால் 262 மணித்தியாலம் வேண்டும். காலை 9 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும் இடத்தில் அது 29 நாள். நல்லூர்க் கந்தன் திருவிழாவைவிட நாலு நாள் கூட. அறைக்கு அறை நடக்கும் நேரமும் கழிப்பறை வரிசையும் பேரன் சிணுங்கும் நேரமும் இதில் சேரவில்லை. எங்கள் ஆட்களோ மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் இதை முடித்துக்கொண்டு நோத்ர டாமுக்குக் கிளம்புகிறார்கள்.

களைப்பு வயதால் வருவதல்ல என்பதும் நூறு வருடத்துக்கு முந்திய செய்தி. பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஒருவரைக் காட்சிப் பேழைகளின் முன் நிறுத்தி, உள்ளே இருப்பவை பற்றிச் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டு, பதில் தேடி அவர் குனிவதையும் முழங்கால் மடக்குவதையும் எட்டுவதையும் படம் பிடித்து வெளியிட்டார். பழி பார்க்கிறவர் மேல் அல்ல, பொருளை வைத்த விதத்தின் மேல் என்பது அவர் கட்சி. 1928இல் யேல் பல்கலைக்கழக உளவியலாளர் எட்வர்ட் ரொபின்சன் இன்னும் தள்ளிப் போனார். போகப்போக ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. ஆய்வுகூடத்தில் கதிரையில் இருத்திப் படங்களைக் காட்டினாலும் அதே கதை. கால் ஓய்ந்தாலும் ஓயாவிட்டாலும் மனம் ஓர் அளவுக்கு மேல் வாங்காது. ஐம்பதாவது மாதா ஓவியத்தின் முன் நிற்கிறபோது முதலாவது மாதாவும் மறந்துபோகிறார்.

மோனா லிசாவை எடுங்கள். 77 சென்ரிமீற்றர் உயரம், 53 அகலம், சின்னப் பலகைதான். கண்ணாடிக்குப் பின்னால், தடுப்புக்கு அப்பால், தூக்கிப் பிடித்த ஃபோன்களுக்கு மேலால் அது தெரியும். 1911 ஆகஸ்ட் 21ஆம் திகதி அது திருட்டுப் போனபிறகு, அது தொங்கியிருந்த வெறுஞ்சுவரைப் பார்க்கவே சனம் திரண்டது. படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரிசை நீளுமென்றால் அந்த வரிசை எதற்கு என்று கேட்க வேண்டாமா? 2025 ஜூன் 16ஆம் திகதி லூவரின் ஊழியர்களே சன நெரிசல் தாங்காமல் வேலையை நிறுத்த, மணிக்கணக்காய்க் கதவு திறக்கவில்லை. சம்பளம் வாங்கி உள்ளே நிற்கிறவர்களுக்கே ஏலாமல் போன இடத்துக்கு, மூட்டுவலியோடு வந்த எழுபது வயதுக்காரரை "கெதியா வாங்கோ" என்று இழுத்துப் போகிறோம்.

பண்டத்தரிப்புக்குப் பக்கத்துச் சில்லாலையில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா அப்படி இழுபட்டுப் போனவர்களில் ஒருவர். மோனா லிசா இருக்கும் அதே மண்டபத்தில், நேர் எதிர்ச் சுவரில், லூவரின் ஆகப் பெரிய ஓவியம் தொங்குகிறது: வெனிஸ் ஓவியர் வெரொனேசே 1562–63இல் வரைந்த கானாவூர்த் திருமணம். கிட்டத்தட்ட 10 மீற்றர் அகலம், 7 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரம். வெனிஸில் ஒரு துறவி மடத்துச் சாப்பாட்டு மண்டபத்துக்காக வரைந்தது. 1797இல் நெப்போலியனின் படை கழற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் இரசமான கதை அந்த அம்மாவுக்குத் தண்ணிபட்ட பாடு. சில்லாலைக் கோயிலில் எத்தனை கலியாணப் பூசையில் கேட்டிருப்பார்! ஏறக்குறைய 130 பேர் அந்த விருந்தில் இருக்கிறார்கள். மணமக்களைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். மேசையின் இடது கோடியில் ஒதுக்கி இருத்தியிருக்கிறார் ஓவியர். நடு இடம் யேசுவுக்கு, பக்கத்தில் தாயார். யேசுவின் தலைக்கு மேலே, மாடத்தில் ஒருவர் இறைச்சி வெட்டுகிறார். முன்னால் பாட்டுக்காரரும் நாய்களும். வலது பக்கம் ஒருவர் சாடியைச் சரித்து ஊற்ற, இன்னொருவர் கோப்பையைத் தூக்கிப் பிடித்து நிறம் பார்க்கிறார். சபைப் பந்தியில் யார் எந்த இடத்தில் இருக்கிறார், யாரை ஓரத்தில் தள்ளியிருக்கிறார்கள், பரிமாறுகிறவன் யாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்பதையெல்லாம் ஒரே பார்வையில் பிடிக்கக்கூடியவர் எங்கள் ஊர்ப் பெண்மணியைப் போல வேறு யார்? அரை மணித்தியாலம் விட்டிருந்தால் அவர் அந்தப் படத்தைப் பற்றிக் கலைப் பேராசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்.

"பின்னால பெரிய படம் ஒண்டு கிடந்தது, தம்பி. என்னவெண்டு தெரியேல்லை" என்றார். மோனா லிசா வரிசையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

மகனைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ரெஸ்ரோறன்ட் சமையலறையில் நிற்கிற பெடியன், கெஞ்சி வாங்கிய லீவு. லாச்சப்பல் கடைத்தெருவிலிருந்து லூவர் கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் மெற்றோவில் கொஞ்ச நேரம்தான். ஆனாலும் இவ்வளவு காலத்தில் அவன் உள்ளே போனதில்லை. அம்மா வந்ததால்தான் போகிறான். அவனுக்கும் அது முதல்தடவை, அவனுக்கும் ஒன்றும் தெரியாது; தெரிந்தது ஒரு பட்டியல். ஊரில் பெரியம்மா கேட்பா, "ஈபிள் ஏறினியளோ, மோனா லிசா பார்த்தியளோ" என்று. அம்மாவை வடிவாய் வைத்திருக்கிறேன் என்பதற்கு அவன் காட்டக்கூடிய சாட்சி அந்தப் படங்கள். அதாவது சுற்றிப்பார்க்கும் நாள், பார்க்கிறவருக்காக நடப்பதே இல்லை. பண்டத்தரிப்பிலும் கனடாவிலும் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருக்கும் சொந்தக்காரருக்காக நடக்கிறது.

இது எங்களுக்கு மட்டும் வந்த நோயும் அல்ல. போர் முடிந்தபின் தெற்கிலிருந்து வரும் சுற்றுலா பஸ்களைக் கவனியுங்கள். நயினாதீவு, நல்லூர், கோட்டை, கந்தரோடை, கீரிமலை, பண்டத்தரிப்பைத் தாண்டி மாதகலில் சங்கமித்தை இறங்கியதாகச் சொல்லப்படும் துறை, போகிற வழியில் கசூரினாக் கடற்கரை. இரவு திரும்ப ஏ9. "இறங்கினாங்கள், படம் எடுத்தாங்கள், ஏறினாங்கள்" என்று சந்தியில் நின்று சிரிக்கிறோம். பாரிஸில் நாங்கள் செய்வதற்கும் இதற்கும் பஸ்ஸின் நிறம்தான் வேறு. கும்பகோணத்தில் ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் காட்டி முடிக்க அரசாங்க பஸ்ஸே ஓடுகிறது. கடவுளுக்கும் பட்டியல் போட்டாயிற்று.

ஆனால் அந்தத் தெற்குப் பயணிகளிடமே இன்னொன்றையும் காணலாம். கோட்டை மதிலில் ஓடித் திரிந்த அதே குடும்பம் நயினாதீவின் நாகதீப விகாரையில் வெள்ளை உடுப்போடு, பூத்தட்டோடு, வெயிலென்றும் பாராமல் இருந்துவிடுகிறது. அவசரம் எங்கோ போய்விடுகிறது. ஐரோப்பாவில் எங்கள் ஆட்களும் அப்படித்தான். ஜெர்மனியின் கெவலார் மாதா கோயிலுக்கு ஆகஸ்ட் மாதத்தில் தமிழர் ஆயிரக்கணக்கில் திரள்கிறார்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவரும். அங்கே 1642இலிருந்து வணங்கப்படும் படம், கைக்குள் அடங்கக்கூடிய சின்னஞ்சிறு செப்புத்தகட்டு அச்சுப்படம். மோனா லிசாவுக்கு அது கால் தூசு, கலை என்ற கணக்கில். என்றாலும் அதற்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்கிறவருக்குக் கால் வலிப்பதில்லை. வலித்தாலும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சொல்ல ஒரு முறைப்பாடு, கேட்க ஒரு வரம், நேர்த்தி ஒன்று, செத்துப்போன ஒருவருக்காக ஒரு மெழுகுதிரி என்று அவருக்கு அங்கே அலுவல் இருக்கிறது. அலுவல் இல்லாத இடத்தில்தான் மனிதருக்குக் களைக்கிறது. பக்தி வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. கானாவூர்ப் பந்தியில் மணமக்கள் எங்கே என்று தேடுவதும் அலுவல்தான்.

இப்படிச் சொன்னால், ஊர்ப்பெருமை பேசுகிறேன், லூவரை விட்டுவிட்டுச் சங்கானைக்குப் போகச் சொல்கிறேன் என்று சிலர் நினைப்பார்கள். அதுவும் பொய்யாகிவிடும். சங்கானையில் முருகைக்கல்லும் சுண்ணாம்புமாய் நிற்கிற பழைய தேவாலயச் சுவர்களை, ஒல்லாந்தர் காலத்துக்கு முந்திய கட்டடத்தின் மிச்சத்தை, எங்களில் எத்தனை பேர் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்திருக்கிறோம்? 1672இல் ஆம்ஸ்ரடாமில் வெளிவந்த பால்டேயஸ் பாதிரியாரின் நூலில் யாழ்ப்பாணத்துக் கோயில்பற்றுகளுள் பண்டத்தரிப்பும் வருகிறது. அவர் இங்கே பட்டியலோடு வந்தவர் அல்ல, வருடக்கணக்கில் இருந்தவர். அப்படியிருந்தும் எங்கள் சமயத்தைப் பற்றி அவர் எழுதியதில் பெரும்பகுதி பெனீசியோ என்ற யேசு சபைப் பாதிரியின் கையெழுத்துப் பிரதியிலிருந்து, பேர் சொல்லாமல் எடுத்தது. இருந்து பார்த்தவரே அடுத்தவர் கண்ணைக் கடன்வாங்கினார் என்றால், அரை நாளில் பார்க்கிறவரைப் பற்றி என்ன சொல்ல!

பண்டத்தரிப்பில் பார்க்க என்ன இருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கண்ணுக்கு அதிகம் இல்லை, உண்மை. 1820இல் ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க வைத்தியர் இங்கே வந்து தங்கி மருந்து கொடுக்கத் தொடங்கினார்; அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் போன முதல் மருத்துவ மிஷனரி அவர்தான். 1836இல் சென்னைக்குப் போனார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே வேலையில் இறங்கினார்கள். பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருந்தகம்தான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தாயையோ மனைவியையோ வேலூருக்குக் கொண்டுபோய், அந்த நீண்ட தாழ்வாரத்தில் துண்டுக்காகக் காத்திருந்த ஒருவர் பண்டத்தரிப்புச் சந்தியில் நின்றால் அவருக்குப் பார்க்க நிறைய இருக்கிறது. பட்டியலோடு வருகிறவருக்கு ஐந்து நிமிடம் போதும். லூவரிலும் அவருக்கு ஐந்து நிமிடம்தான் போதும். கட்டடம் பெரிது என்பதால் நாள் முழுக்க நடக்கிறார்.

எதிர்க்கட்சியின் பலமான வாதம் ஒன்று இருக்கிறது. அதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். "இன்னொரு தரம் வர ஏலுமோ?" விசாவுக்குக் கொழும்புக்கு அலைந்து, காணி உறுதியும் வங்கிப் புத்தகமும் காட்டி, ஒருதரம் மறுக்கப்பட்டு, மறுபடி கேட்டு வாங்கிய பயணம். வெள்ளைக்காரருக்கு ரோமாபுரியும் பாரிஸும் வாரக்கடைசி. எங்களுக்கு ஆயுளில் ஒருதடவை. போதாக்குறைக்கு 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவருக்கு லூவர் நுழைவுச்சீட்டு 22 யூரோவிலிருந்து 32 யூரோவாகிவிட்டது. இவ்வளவு கொடுத்து ஒரு படத்தையா பார்ப்பது என்று கேட்பது நியாயம் போலத்தான் இருக்கும்.

ஆனால் மறுபடி வர முடியாதவர்தான் ஓடக் கூடாதவர். அடிக்கடி வருகிறவன் இன்று தவறவிட்டதை நாளைக்குப் பிடிப்பான், அவன் ஓடட்டும். ஒரேதரம் வருகிறவர் ஓடினால் ஓட்டம் மட்டுமே மிஞ்சும். 32 யூரோவை முப்பத்தையாயிரத்தால் பிரித்து இலாபம் பார்க்கிற கணக்கில், கடைசிவரை ஒன்றும் நினைவில் நிற்காவிட்டால் விடை என்ன?

செய்யக்கூடியது கஷ்டமானதும் அல்ல. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிக்கும் பிள்ளைகளுக்கு 26 வயது ஆகும்வரை லூவரில் நுழைவு இலவசம். பேத்தி அப்பம்மாவின் விசா வரும்வரை காத்திருக்காமல், முந்தியே போய் ஒரே ஓர் அறையைப் பாடமாக்கி வைக்கட்டும்: எந்தச் சுவரில் என்ன, கூட்டம் எந்த நேரம் குறையும், இருக்கக் கதிரை எங்கே, கழிப்பறை எத்தனை படி கீழே. அப்பம்மா வந்ததும் அந்த அறைக்கு மட்டும் கூட்டிப்போய், படத்தில் நடப்பது என்ன என்று அவவிடமே கேட்கட்டும். தாய் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மத்தியானத்துக்கு வீடு திரும்பலாம். லீவு எடுத்த மகன் அன்றைக்கு நித்திரை கொள்ளட்டும்.