மாணவர்கள் காண வேண்டிய மரண ரெயில் பாதை

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்வது எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கம். கோவில், கோட்டை, அணைக்கட்டு, மிருகக்காட்சி சாலை என்று காட்டுவார்கள். சில நாடுகளில் இன்னோர் இடத்தையும் காட்டுகிறார்கள். அது, போர் நடந்த இடம்!

முதல் உலகப்போர் 1914-ல் மூண்டது. அதன் நூற்றாண்டு 2014-ல் வந்தபோது, இங்கிலாந்து அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலிருந்தும் இரண்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர். அவர்களைப் பிரான்சு, பெல்ஜியம் நாடுகளில் உள்ள போர்க்களங்களுக்கு அனுப்புவது என்பதே அந்தத் திட்டம்.

"போரைப்பற்றிப் புத்தகத்தில் படித்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம்.

போதாது. "பத்தாயிரம் பேர் மாண்டார்கள்" என்பது புத்தகத்தில் ஒரே ஒரு வரி. கல்லறைத் தோட்டத்திலோ அது பரந்த மைதானம். ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை. கல்லுக்குக் கல் ஒரு பெயர், ஒரு வயது. 19, 20, 22 என்று வயதைப் படித்துக்கொண்டே போகும் மாணவனுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். போர் என்றால் என்ன என்பது அங்கே அவனுக்குப் புரிந்துவிடுகிறது.

ஆசியாவிலும் இப்படி மாணவர்கள் வரும் ஊர் ஒன்று உண்டு. தாய்லாந்தில் உள்ள காஞ்சனபுரி. தமிழர்கள் அந்த ஊரை மறக்கக் கூடாது.

415 கிலோமீட்டர்

இரண்டாம் உலகப்போரில் 1942-ல் மலேயாவும் பர்மாவும் ஜப்பானியர் கைக்கு வந்தன. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு உணவும் குண்டும் அனுப்ப வேண்டும். கடல் வழியில் எதிரிகளின் கப்பல்கள். ஆகவே, காட்டையும் மலையையும் வெட்டி, சயாமிலிருந்து பர்மாவுக்கு ரெயில் பாதை போடுவது என்று முடிவு செய்தார்கள். தாய்லாந்துக்குச் சயாம் என்பது பழைய பெயர்.

பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் வேலையை முடித்துவிட்டார்கள். எந்திரம் குறைவு. மண்வெட்டி, கூடை, சுத்தியல், உளி இவற்றைக்கொண்டு மனிதர்கள் போட்ட பாதை அது!

நரக நெருப்புக் கணவாய் என்ற இடத்தில் பாறையைச் சுமார் 25 மீட்டர் ஆழத்துக்கு வெட்டியிருக்கிறார்கள். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில், எலும்பும் தோலுமாக மனிதர்கள் வேலை செய்த காட்சியைப் பார்த்து, கைதிகளே வைத்த பெயர் அது. பாறையில் உடைந்து சிக்கிய துளைக்கம்பியை இன்றும் அங்கே காணலாம். 1998-ல் ஆஸ்திரேலிய அரசாங்கம் அங்கே ஒரு காட்சிச்சாலை திறந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து பள்ளி மாணவர்கள் வருகிறார்கள். பாதையில் நடந்து பார்க்கிறார்கள்.

பெயர் உள்ளவர்கள்

பிடிபட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுச் சிப்பாய்கள் 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இந்த வேலையில் வதைபட்டார்கள். 12 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7 ஆயிரம் பேர் துயில்கிறார்கள். மிகப் பலருக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள்.

பெயர் இல்லாதவர்கள்

அதே பாதையில் வேலை செய்த இன்னொரு கூட்டம் உண்டு. தமிழர், மலாய்க்காரர், சீனர், பர்மியர், ஜாவாக்காரர். இந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 2 லட்சம் பேர். மாண்டவர்கள் சுமார் 90 ஆயிரம் என்று மதிப்பிடுகிறார்கள். மாண்ட சிப்பாய்களைப்போல் ஏழு மடங்கு!

மலேயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70 ஆயிரத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள். "நாளுக்கு ஒரு வெள்ளி கூலி. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம்" என்று ஆசை காட்டினார்கள். பிறகு பலாத்காரமாகவே பிடித்துப் போனார்கள். பெண்டு பிள்ளைகளோடு போன குடும்பங்களும் உண்டு. காட்டில் காலராவும் மலேரியாவும் காத்திருந்தன. வைத்தியரும் இல்லை, மருந்தும் இல்லை. கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். குழியில் தள்ளி மூடினார்கள்.

1990-ல் காஞ்சனபுரிப் பக்கம் ஒரு குழியைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவர்கள் எந்தத் தோட்டத்தார், யார் பெற்ற பிள்ளைகள்? சொல்ல ஆள் இல்லை.

எழுத்தின் வலிமை

இருவரும் வேலை செய்தது ஒரே பாதையில். ஒருவருக்குப் பெயர் பொறித்த கல். மற்றவருக்கு மண் மட்டும். ஏன் இந்த வேற்றுமை?

வெள்ளைக்கார வல்லரசுகள் தங்கள் சிப்பாய்களைத்தான் தேடின. கூலியாட்களைத் தேட ஆள் இல்லை. இது ஒரு காரணம். இன்னொரு காரணம், எழுத்து!

பட்டாளத்துக்காரர்களிடையே அதிகாரிகளும் டாக்டர்களும் இருந்தார்கள். யார் இறந்தார், எந்த நாளில், எங்கே புதைத்தோம் என்று ரகசியமாக எழுதினார்கள். கண்டுபிடித்தால் ஜப்பானியர் அடிப்பார்கள். ஆகவே மூங்கிலுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மறைத்து வைத்தார்கள். எட்வர்டு டன்லப் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் அங்கே எழுதிய நாட்குறிப்பு 1986-ல் புத்தகமாகவே வந்தது. போர் முடிந்ததும் 1945-ல் ஒரு குழு பாதை நெடுகத் தேடிப்போய், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது.

தோட்டத் தொழிலாளர்களில் எழுதத் தெரிந்தவர் மிகச் சிலர். அவர்களுக்காக எழுதுவாரும் இல்லை. பெயர்கள் அவர்களோடு மண்ணுக்குள் போய்விட்டன.

1944-ல் ஜப்பானியப் படையே பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு. மாண்டவர்களின் பெயர்கள் இல்லை. 1957-ல் வந்து உலகமெங்கும் ஓடிய 'குவாய் நதிப் பாலம்' படமும் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கதைதான். தமிழ்த் தொழிலாளர்கள் நினைவாகக் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் எழுந்தது 2023-ல்தான். எண்பது ஆண்டு தாமதம்!

செய்ய வேண்டியது

காஞ்சனபுரிக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், கல்லறைத் தோட்டத்தோடு திரும்பிவிடக் கூடாது. நடுகல்லுக்கும் அழைத்துப் போக வேண்டும். "இங்கே யாருடைய பெயர் இல்லை?" என்று மாணவர்களைக் கேட்க வேண்டும். உலகத்தில் எந்தப் போர்க்களத்துக்குப் போனாலும் கேட்க வேண்டிய கேள்வி அது.

எல்லாப் பிள்ளைகளும் தாய்லாந்துக்குப் போக முடியாது. செலவு அதிகம். ஆனால் வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. "மலேயாவுக்குப் போன பெரியப்பா திரும்பவே இல்லை" என்று சொல்லும் குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, மலேசியாவிலும் உண்டு. பிள்ளைகள் தாத்தா பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். போனவர் பெயர் என்ன? எந்த ஊர்? எந்தத் தோட்டம்? கடைசிக் கடிதம் எப்போது வந்தது? கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். ஆசிரியர்கள் அவற்றைச் சேர்த்துப் பள்ளியில் பாதுகாக்கட்டும்.

அந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள் அநேகமாக மறைந்துவிட்டார்கள். அவர்கள் வாயால் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் போய்விட்டால், எஞ்சிய பெயர்களும் போய்விடும். அன்று எழுத ஆள் இல்லை. இன்று வீட்டுக்கு வீடு எழுதத் தெரிந்த பிள்ளை இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பெயரையாவது எழுதி வைக்கலாம்.