முளைக்காத விதைக்கு யார் பொறுப்பு?

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

2023-ஆம் ஆண்டின் ஹஜ்ஜுப் பெருநாள் நம் நாட்டில் ஜூன் 29 அன்று அமைந்தது. குர்பானி இறைச்சி வீடுதோறும் பங்கிடப்பட்ட அந்த வாரத்தில், ஆணத்திற்குத் தக்காளி வாங்கச் சென்றவர்கள் விலை கேட்டுத் திகைத்து நின்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிலோ 100 ரூபாயைத் தொட்ட விலை ஜூலையில் மேலும் ஏறியது. சென்னையின் நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க அரசே ஏற்பாடு செய்ய வேண்டிய நிலை வந்தது. "இறைச்சி இனாமாக வந்தது, தக்காளிக்குத்தான் காசில்லை" என்று மேலப்பாளையத்து மூதாட்டி ஒருவர் நம்மிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வேதனையும் கலந்திருந்தது.

அதே தக்காளி வேறு சில மாதங்களில், பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல் வயலிலேயே விடப்படுவதையும், சாலையோரம் கொட்டப்படுவதையும் நாம் கண்டிருக்கிறோம். வீட்டு மாடியில் நான்கு செடி வைப்பதால் இந்தச் சந்தைச் சீர்கேடு தீர்ந்துவிடும் என்று நாம் வாதிடப்போவதில்லை. நாம் சொல்ல வந்தது வேறு. ஒரு விதையைத் தேர்ந்து, முளைக்க வைத்து, காக்கும் வேலையில் நம் பிள்ளைகளுக்குத் தவக்குலின் பொருளைக் கற்பிக்கலாம். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் தவறான பொருளையும் கற்பித்துவிடலாம். இரண்டாவதை நாமே செய்தோம் என்பதால் முதலில் அதையே சொல்லிவிடுகிறோம்.

அந்த ஜூலை மாதத்தில், நாம் பாடம் நடத்தும் மத்ரஸாவில் அல்வாகிஆ அத்தியாயத்தின் விளக்கம் நடந்துகொண்டிருந்தது. நீங்கள் விதைப்பதை முளைக்கச் செய்பவர்கள் நீங்களா, நாமா என்று இறைவன் மனிதனைக் கேட்கும் இடம் வந்தது. இதைப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும் என்று எண்ணி, ஒரு கடையில் தக்காளி விதைப் பொட்டலம் வாங்கினோம். பழைய தொட்டிகளில் மண் நிரப்பினோம். பிள்ளைகள் பிஸ்மில்லாஹ் சொல்லி விதையை ஊன்றினார்கள், துஆச் செய்தார்கள், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார்கள். பதினைந்து நாட்கள் சென்றன. கோரைப்புல்லைத் தவிர வேறொன்றும் தலைகாட்டவில்லை. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கேட்டான்: "உஸ்தாத், எங்கள் துஆவை அல்லாஹ் ஏற்றுக்கொள்ளவில்லையா?"

பொறுமையாக இருக்கும்படி சொல்லி அவனை அனுப்பிவிட்டோம். ஆனால் அன்றிரவு அந்தக் கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. மறுநாள் அதிகாலை அலமாரியின் மூலையில் கிடந்த பொட்டலத்தை எடுத்துப் படித்தோம். விதையின் செல்லுபடிக் காலம் முடிந்து பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன. விற்றவர் சொல்லவில்லை, வாங்கிய நாமும் பார்க்கவில்லை. அதுமட்டுமல்ல. நாம் நிரப்பியது இறுகிப்போகும் களிமண். விதையை இரண்டு விரற்கடை ஆழத்தில் புதைத்திருந்தோம். தொட்டியின் அடியில் நீர் வடியத் துளையும் இல்லை. இத்தனை பிழைகளையும் செய்துவிட்டு, விளைவை ஒரு சிறுவனின் துஆவின் மீது சுமத்தியிருந்தோம்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்மேல் பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டிவிட்டுப் பிறகு நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதீ நூலில் இருப்பதை நாம் எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறோம். ஆனால் விதையின் விஷயத்தில் கயிற்றையே கையில் எடுக்கவில்லை. மதீனத்து மக்கள் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தச் சேர்க்கை செய்ததும், அது குறித்து நபியவர்கள் தெரிவித்த கருத்தைக் கேட்டு அவர்கள் அதை விட்டபோது விளைச்சல் குன்றியதும், இத்தகைய உலகக் காரியங்களை நீங்களே நன்கு அறிவீர்கள் என்று நபியவர்கள் தெளிவுபடுத்தியதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. பயிர்த்தொழில் தெரிந்தவரிடம் கேட்டுக் கற்பது ஈமானுக்குக் குறைவாகாது. அது நபிவழி காட்டும் பணிவு. 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், வேளாண்மையைப் பற்றியே 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் பெருநூலை இயற்றினார். அமெரிக்கக் கண்டத்திலிருந்து தக்காளி அங்கு வந்து சேர்ந்தது பிற்காலத்தில் என்பதால் அந்நூலில் தக்காளிக்கு இடமில்லை. ஆனால் கற்றுச் செய்யும் மனப்பாங்கு அதில் உண்டு.

ஆகவே கற்கத் தொடங்கினோம். கற்றதில் முதலாவது, எந்த ரகம் என்பது.

நம் சந்தைகளில் நாட்டுத் தக்காளி, பெங்களூர்த் தக்காளி என்று இரு பெயர்கள் வழங்குகின்றன. புளிப்பும் சாறும் மிகுந்து, தோல் மெலிந்து, தட்டையாக இருப்பதை நாடு என்கிறோம். கெட்டித் தோலுடன் நீண்டு பல நாள் தாங்குவதைப் பெங்களூர் என்கிறோம். தமிழ்நாட்டில் பரவலாகப் பயிரிடப்பட்டுவரும் பி.கே.எம் 1 என்பது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானது. அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் மரபுத் திடீர் மாற்றத்தைத் தூண்டி அதைத் தேர்ந்தெடுத்தார்கள். தட்டை உருண்டையான பழம். காம்பைச் சுற்றிப் பச்சைத் திட்டு இருக்கும். ஆய்வகத்திலிருந்து வருவதெல்லாம் படைப்பைக் கெடுப்பது என்று மேடையில் பேசும் சகோதரர்கள், தங்கள் வீட்டு ரசத்தின் வரலாற்றை ஒருமுறை விசாரிப்பது நல்லது. அதுபோலவே, கலப்பின விதை வேறு, மரபணு மாற்றப்பட்ட விதை வேறு. மரபணு மாற்றத் தக்காளிக்கு இந்தியாவில் சாகுபடி அனுமதியே இல்லை.

கலப்பினங்களுக்கும் உரிய மதிப்பு உண்டு. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்க்கா ரக்ஷக், இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கக்கூடிய கலப்பினம். வயலை நம்பி வாழும் விவசாயி அதைத் தேர்ந்தால் அது அறிவுடைமை. ஆனால் கலப்பினப் பழத்தின் விதையை எடுத்து மீண்டும் ஊன்றினால், வரும் செடிகள் தாயைப் போல் இரா. ஒவ்வொன்றும் ஒரு விதமாகப் பிரியும். பி.கே.எம் 1 போன்ற ரகங்களில் அவ்வாறில்லை. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் செடி. ஆதலால் நல்ல செடியின் நல்ல பழத்திலிருந்து எடுத்த விதை அடுத்த முறையும் அதே குணத்தைத் தரும். வீட்டுக்கும் மத்ரஸாவுக்கும் இதுவே ஏற்றது என்பது நம் கருத்து. விதையைப் பிறருக்குக் கொடுக்க முடிகிறது என்பதே அதற்குக் காரணம்.

இரண்டாவது, பருவம். கார், பிசானம் என்று நெல்லுக்குப் பருவம் பார்க்கத் தெரிந்த பள்ளத்தாக்கு இது. தக்காளிக்கு மட்டும் பாராமல் விதைப்பது என்ன நியாயம்? சித்திரை, வைகாசி வெயிலில் பூ உதிரும். இலையைச் சுருட்டும் நச்சுயிரியைப் பரப்பும் வெள்ளை ஈயும் பெருகும். பொதிகைச் சாரல் காற்று குளிர்விக்கும் ஆனி, ஆடியில் ஒருமுறை விதைக்கலாம். கார்த்திகை, மார்கழியில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, பெருமழை ஓய்ந்தபின் தையில் நடுவது மற்றொன்று.

மூன்றாவது, நாற்று. பொட்டலத்தில் முளைப்புத்திறன், சோதித்த நாள், செல்லுபடியாகும் நாள் மூன்றையும் படித்த பின்னரே காசு கொடுங்கள். தக்காளி விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம் என்பது அரசின் தரவிதி. ஐயமிருந்தால் ஈரத்துணியில் பத்து விதையை மடித்து வைத்துப் பாருங்கள். ஏழு முளைத்தால் நம்பலாம். விதையின் மேல் நிறம் ஏற்றப்பட்டிருந்தால் அது பூஞ்சாண மருந்து; பிள்ளைகளைத் தொடவிடக் கூடாது. மக்கிய தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் சம அளவில் கலந்து, அடியில் துளையிட்ட தேநீர்க் கோப்பைகளில் நிரப்பினால் போதும். ஆழம் அரை சென்டிமீட்டர். ஈரம் இருக்கவேண்டும், நீர் தேங்கக்கூடாது. தேங்கினால் நாற்று தண்டடியில் அழுகிச் சாயும். ஐந்து முதல் எட்டு நாட்களில் முளை தெரியும். தெரிந்த அன்றே காலை வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும். நிழலில் வைத்தால் நாற்று வெளுத்து நீளும். சுமார் 25 நாட்களில், தண்டின் ஒரு பகுதியும் மண்ணுக்குள் இருக்கும்படி பெரிய தொட்டிக்கு மாற்றலாம். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடுவது தக்காளிக்கு இறைவன் அளித்த தனிக்கொடை. ஆறு மணி நேர வெயிலும், ஒரு நாள் வெள்ளம் ஒரு நாள் வறட்சி என்றில்லாத சீரான நீரும் அதன் உரிமைகள். சுருண்ட செடியை இரக்கம் பாராமல் பிடுங்கிவிடுங்கள். இல்லையேல் அண்டைச் செடிகளும் கெடும்.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. மறுவாரம் வகுப்பில் அந்தச் சிறுவனை அருகழைத்து, அனைவர் முன்னிலையிலும் சொன்னோம்: "பிழை உங்கள் துஆவில் இல்லை; உங்கள் உஸ்தாத் தேதியைப் படிக்கவில்லை." அவன் முகம் மலர்ந்தது. காலங்கடந்த விதையை விற்றவரைப் பற்றியும் கேட்டார்கள். தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியைச் சொன்னோம். பிறகு அந்தக் கடைக்குச் சென்று பொட்டலத்தைக் காட்டினோம். அவர் மற்றப் பொட்டலங்களையும் எடுத்துத் தேதி பார்த்தார். சண்டைக்கு அவசியம் ஏற்படவில்லை.

ஆகஸ்டில் மீண்டும் விதைத்தோம். நவம்பர் நடுவில் முதல் பழம் சிவந்தது. நன்கு கனிந்த பழங்களின் விதையைச் சதைக்கூழுடன் பிழிந்து, இரண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தினோம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சிறு பொட்டலம் வீட்டிற்குக் கொண்டுபோனது. மீதியை ஒரு புட்டியில் வைத்தோம்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் நிகழ்ந்ததை இந்தப் பள்ளத்தாக்கில் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி தன் கரைகளை மறந்தது. உயிரும் வீடும் இழந்தவர்கள் முன் தொட்டியைப் பற்றிப் பேச நாணுகிறோம். மத்ரஸாவின் தொட்டிகளும் விதைப்புட்டியும் போயின, அவ்வளவே. ஜனவரியில் வகுப்பு தொடங்கியபோது, துஆவைப் பற்றிக் கேட்ட அதே சிறுவன் ஒரு காகித மடிப்பை நீட்டினான். "எங்கள் உம்மா அரிசி டப்பாவிற்குள் வைத்திருந்தார்கள்." கொடுத்த விதையில் பாதி திரும்பி வந்தது. நாம் நமக்கென்று புட்டியில் வைத்தது மிஞ்சவில்லை, கொடுத்துவிட்டதுதான் மிஞ்சியது.

நம் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. இடமேது என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு தொட்டிக்கு மாடிப்படியின் ஓரம் போதும். 800 ரூபாய்க்குப் பையும் உரமும் வாங்கி 100 ரூபாய்த் தக்காளி பறிப்பது விரயமன்றோ என்பதும் நியாயமான கேள்வியே. உடைந்த வாளியும் சமையலறைக் கழிவின் மக்கும் இருக்க, வாங்குவானேன்? தொட்டி நீர் அண்டை வீட்டுச் சுவரில் வழிந்தால், அந்தத் தக்காளி நமக்கு நன்மை சேர்க்காது என்பதையும் மறக்கலாகாது. மேலும், மாடிச்செடி என்றதும் பெண்கள் தலையில் இன்னொரு வேலையைச் சுமத்திவிட்டு, பழத்தை மட்டும் நாம் புகழ்வது முறையல்ல. ஃபஜ்ருக்குப் பின் தண்ணீர் ஊற்றும் பணி ஆண்களுடையதாக இருக்கட்டும்.

மத்ரஸாக்களின் நிர்வாகிகளுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. ஆண்டுக்கு ஒருமுறை, பிள்ளைகள் கையால் நூறு நாற்று விடுங்கள். கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, உழவர் சந்தையில் விவசாயிகள் இருக்கிறார்கள், கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நாற்றைத் தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும், சமயம் பாராமல் கொடுங்கள். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதில் உண்பவரின் சமயம் கேட்கப்படவில்லை.

விதையை முளைக்கச் செய்பவன் அல்லாஹ் ஒருவனே. பொட்டலத்தின் தேதியைப் படிக்க வேண்டியவர்கள் நாம். இந்த வேறுபாட்டைப் பத்து வயதில் அறிந்துகொள்ளும் பிள்ளை, பின்னாளில் தன் சோம்பலுக்கு விதி என்று பெயர் சூட்டாது. தன் உழைப்பின் விளைவைத் தன் சாதனை என்று கர்வமும் கொள்ளாது. அத்தகைய தலைமுறையை வல்ல இறைவன் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.