டிராக்டர் பியூசுக்குப் பதில் செம்புக் கம்பியா?

கோபி, பொள்ளாச்சிப் பகுதிகளில் டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் எஞ்சின் ஆயிலை மாற்ற மறப்பதில்லை. ஒயர்களைத் திரும்பிப் பார்ப்பவர் சிலரே. பியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவதும், பாட்டுப் பெட்டிக்குப் பாட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுப்பதும் பெருந்தவறு. ஒயர் எங்கோ உரசி இரும்பில் பட்டால் பியூஸ் உருகி மின்சாரத்தை நிறுத்தும். தடித்த கம்பி உருகாது. ஒயரே பழுத்து எரியும். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான், ஆனால் நெருப்பு வைக்கும். டிரெய்லரில் சோளத்தட்டு ஏற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

உரசிய இடத்தைத் தேடி ஒயரை மாற்றி, கம்பெனி குறித்துள்ள ஆம்பியர் பியூசையே போட வேண்டும். புதிதாக இழுக்கும் ஒயருக்குப் பாட்டரிக்கு அருகிலேயே தனி பியூஸ் தேவை. வேலை தொடங்குமுன் எர்த் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுவது நல்லது.